இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்

ஜேன் கௌச் என்ற ஆங்கிலேயப் பெண் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு உரிமம் கேட்டார். பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியம் மறுத்தது. மறுப்புக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று மாதவிடாய். அதற்கு முந்தைய நாட்களில் பெண்களின் மனநிலை தடுமாறுமாம். கௌச் அப்போதே உலகப் பட்டம் வென்றிருந்தவர். தீர்ப்பாயத்துக்குப் போனார், 1998-இல் வென்றார்.

இந்த வெற்றியை நாம் கொண்டாடுகிறோம். கொண்டாடிய பிறகும் மிச்சமிருக்கும் கேள்வி ஒன்று உண்டு. மேடை ஏறும் உரிமை கிடைத்துவிட்டது. மேடையில் விழும் அடியை என்ன செய்வது?

குத்து விழும்போது தலை சட்டென்று திரும்புகிறது. மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கும் மூளை அதே வேகத்தில் திரும்புவதில்லை. அது பின்தங்கி முறுக்கிக்கொள்ள, நரம்பிழைகள் இழுபடுகின்றன. மூளையின் மேலுள்ள சிறு ரத்தக்குழாய்கள் அறுந்தால் ரத்தம் தேங்கி மூளையை அழுத்தும், உயிரும் போகலாம். தலைக்கவசம் புருவம் கிழிவதைக் குறைக்கும். இந்தத் திருகலைத் தடுத்துவிடாது. யாரும் எண்ணாத, பயிற்சியில் நாள்தோறும் வாங்கும் சிறு அடிகளும் சேர்ந்து சேதம் செய்யும். பழைய குத்துச்சண்டை வீரர்களின் தள்ளாட்டத்தையும் மந்தத்தையும் பற்றி அமெரிக்க மருத்துவர் ஹாரிசன் மார்ட்லாண்ட் எழுதியது 1928-இல். இன்றும் அந்த மூளைச்சிதைவை, இறந்தபின் மூளையை ஆராய்ந்தே உறுதிசெய்கிறார்கள்.

அப்படியானால் வேண்டாம் என்றவர்கள் சொன்னதுதான் சரியா? அவர்களுடைய கவலை பெண்ணின் மூளையைப் பற்றியது என்றால், அது வேறோர் இடத்திலும் தென்பட்டிருக்க வேண்டும். 1990-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. குத்துச்சண்டை வீரர்களிடம் காணப்படும் அதே சிதைவு, பல ஆண்டுகள் கணவனிடம் அடிவாங்கிய ஒரு பெண்ணின் மூளையில் இருந்தது என்றது அது. மேடையில் வீரர்கள் வாங்கிய அடி மருத்துவத்தின் கண்ணில் பட்டு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகே வீட்டுக்குள் விழுந்த அடி பதிவாகிறது. மேடையில் மணி அடிக்கும், நடுவர் குறுக்கே வருவார், மருத்துவர் நிறுத்தச் சொல்லலாம். வீட்டில் இவை எதுவும் இல்லை. ஆனாலும் மேடைக்குப் போகாதே என்பதற்குத்தான் நம் சமூகம் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறது.

இந்தப் பாதுகாப்பு ஆபத்தைக் கூட்டவும் செய்கிறது. குத்துச்சண்டை பழகும் மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "தலைவலின்னு வீட்ல சொன்னா நிறுத்திடுவாங்க மேடம். கோச்கிட்ட சொன்னா செலக்‌ஷன்ல இருந்து எடுத்துடுவார். அதனால மாத்திரை போட்டுக்குவேன்." அடிபட்ட மூளை ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால் அது சிறியதாக இருந்தாலும் உயிரைக் குடிக்கக்கூடும். அவள் மறைப்பதற்குக் காரணம் அறியாமையல்ல. பதக்கம் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயிலோ காவல்துறையிலோ வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சு தள்ளிப்போகும். 'அவளே விரும்பித்தானே போனாள்' என்று சொல்கிறவர்கள், அந்த விருப்பத்துக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் போய்விடும் என்ற நிலையில் இருப்பவளின் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு சிக்கல் நம் பக்கத்திலேயே இருக்கிறது. தொழில்முறைப் பட்டப் போட்டிகளில் ஆண்களுக்கு மூன்று நிமிடச் சுற்றுகள் பன்னிரண்டு. பெண்களுக்கு வழக்கமாக இரண்டு நிமிடச் சுற்றுகள் பத்து. 2023-இல் அமாண்டா செரானோ ஆண்களுக்குரிய அளவிலேயே மோதி வென்றார். உலகக் குத்துச்சண்டை கவுன்சில் பெண்களின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அந்த அளவை ஏற்க மறுத்தது. அவர் அதன் பட்டத்தையே துறந்தார். எந்த அளவில் மோதுவது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தனக்கு வேண்டும் என்ற அவருடைய வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மூன்று நிமிடத்தைச் சமத்துவத்தின் அளவுகோலாக ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது.

ஆண்களின் அளவும் வானத்திலிருந்து இறங்கியதல்ல. 1982 வரை அவர்களுக்குப் பதினைந்து சுற்று. அந்த நவம்பரில் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய இளைஞர் கிம் டுக் கூ பதினான்காவது சுற்றில் விழுந்தார். சில நாட்களில் மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார். அதன் பிறகே அதே கவுன்சில் பன்னிரண்டாகக் குறைத்தது. பதினைந்தைப் பன்னிரண்டாக்க ஒரு பிணம் வேண்டியிருந்தது.

அடி வாங்கித் தாங்குவதே ஆண்மை என்று பழக்கிய அதே சிந்தனைதான், பெண்ணை உடையும் பாண்டமாகவும் ஆணின் உடலைச் செலவுக்குரிய பொருளாகவும் பார்க்கிறது. எனவே சமத்துவம் என்றால் ஏன் எப்போதும் நாமே அவர்களுடைய அளவுக்கு ஏற வேண்டும்? பெண்களுக்கு இரண்டு நிமிடம் பாதுகாப்பு என்றால் ஆண்களுக்கும் அதைக் கொடுங்கள் என்று கேட்கலாமே.

பழகும் பெண்களும் கேட்க வேண்டியவை உண்டு. தலையில் அடிபட்டதைச் சொன்னால் அணியில் இடம் பறிபோகாது, ஆறிய பின் திரும்பலாம் என்ற எழுத்துபூர்வமான உறுதி. பயிற்சியாளருக்குக் கட்டுப்படாத மருத்துவர். ஸ்பாரிங்கில் வாங்கும் அடிக்கும் ஒரு கணக்கு. வீட்டாரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: வலிக்கிறது என்று அவள் சொல்லும்போது கையுறையைப் பிடுங்காமல், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.