மலையை வரைந்தவர் நின்ற இடம்

மூன்றாம் மைசூர்ப் போரின்போது (1790–1792) காரன்வாலிஸின் படையுடன் ராபர்ட் ஹோம் என்னும் ஆங்கில ஓவியர் பயணம் செய்தார். சாவனதுர்க்கம் முதலிய மலைக்கோட்டைகளைக் குறித்து அவர் வரைந்தவை செப்புத்தகட்டில் பொறிக்கப்பெற்று, மைசூர் நாட்டின் தேர்ந்தெடுத்த காட்சிகள் எனப் பொருள்படும் தலைப்பில் 1794இல் இலண்டனில் நூலாயின. அழகை நாடி வரைந்த கை, அவ்வரைவுக்கு வாய்ப்பளித்த போருக்கும் பொறுப்பேற்க வேண்டுமா என்பதே இங்கு எழுப்பப்பெறும் வினா.

காண்டல் வேறு, கவர்தல் வேறு என ஹோமுக்காக வாதிடலாம். அவர் படைவீரரல்லர், உருவப்படம் தீட்டிப் பிழைத்தவர். கோடு எவரையும் கொல்வதில்லை. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் அவர் நூலில் காட்சிப்படங்களோடு நிலப்படங்களும் ஒரே கட்டடத்துள் இடம்பெற்றுள்ளன. அதே போரில் பங்கேற்ற ராபர்ட் ஹைட் கோல்புரூக்கின் நிலை இன்னும் வெளிப்படையானது. மைசூர் நாட்டுக் காட்சிகள் பன்னிரண்டினை வெளியிட்ட அவரே 1794இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளரானார். சரிவின் வனப்பைத் தேடிய கண்ணும் சரிவில் ஏறும் வழியைத் தேடிய கண்ணும் ஒருவருடையனவே.

சாவனதுர்க்கம் கடல்மட்டத்திற்கு மேல் 1,200 மீட்டருக்கும் மிகுந்து உயர்ந்த கருங்கற் பெரும்பாறை. 1791 டிசம்பர் 21இல் அக்கோட்டை வீழ்ந்தது. அத்தகையதொரு மலையை முழுமையாக வரைய உரிய தொலைவும், இடையூறற்ற பொழுதும், அச்சமின்றி அமர ஓரிடமும் வேண்டும். பகைப்புலத்தில் இவற்றை ஓவியர்க்கு ஈட்டித் தந்தது படையே. எனவே பொறுப்பினைக் கோட்டில் தேடுவதைவிட, அவர் அமர்ந்த இடத்தில் தேடுதல் தகும்.

முற்றுகையிடப்பட்ட மலையைப் புனைந்த ஒருவர் நம் மரபிலும் உளர். மூவேந்தர் பறம்பினைச் சூழ்ந்தபோது, உழவர் உழாமலே விளையும் அம்மலையின் வளத்தைக் கபிலர் எடுத்துரைத்தார் (புறம். 109). கவர வந்தோர் செவியிலேயே அவ்வளம் உரைக்கப்பட்டது. ஆயினும் அவர் சொல் மலையின் உள்ளிருந்து எழுந்தது. கவர்தலைத் தடுக்க முயன்றது. பாரியின் நட்பால் பெற்ற சார்பு கபிலரிடமும் உண்டு என்பது உண்மையே. நடுநின்ற கண் இருவரிடத்தும் இல்லை. சார்பு யாருக்கு ஊறு செய்தது என்பதிலேயே வேறுபாடு தோன்றுகிறது.

ஹோமின் படங்கள் இன்று வரலாற்றாய்வாளர்க்கு உதவுகின்றன. சிதைந்த மதில்களின் பழைய நிலையை அறியத் துணைசெய்கின்றன. பிற்காலப் பயன் முற்காலச் செயலைத் தூய்மையாக்கிவிடும் என்பது கடன் கொடுத்தவரை விடுத்து வேறொருவரிடம் கணக்கைத் தீர்ப்பது போன்றதாகும்.

பாரி மாண்டபின் அவன் மகளிரைக் காக்கும் பொறுப்பைக் கபிலர் ஏற்றார். 1792 பிப்ரவரியில் திப்புவின் இளமைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்பட்ட நிகழ்வை ஹோம் பின்னர் வண்ண ஓவியமாகத் தீட்டினார். அக்கூட்டத்தின் ஓரத்தில், வரைதாள் உறையுடன் தம்மையும் அவர் வரைந்துகொண்டார்.