கற்பதற்கு வெட்கம் ஏன்?

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் பழமொழி. பிள்ளைகளை நல்வழிப்படுத்த எழுந்த அதனை, வயது வந்த நாம் கற்கும் கடமையிலிருந்து தப்பிக்கும் சாக்காக்கிக் கொண்டோம். கடையிலோ தொழிற்கூடத்திலோ புதிய கருவி ஒன்று வந்ததும், “இனி இதெல்லாம் நம் மண்டையில் எங்கே ஏறப்போகிறது?” என்று ஒதுங்குகிறோம். ஏறாதது அறிவின் குறையாலா, மனத்தின் குறையாலா?

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் அபூபக்ர் அல்கஃப்பால் அல்மர்வஸீ (ரஹ்) அவர்கள் முதலில் பூட்டுத் தொழிலாளி. ‘கஃப்பால்’ என்னும் பெயரின் பொருளும் அதுவே. சில தானிய மணிகளின் எடையே கொண்ட பூட்டைச் சாவியோடு செய்து முடித்த கைத்திறன் அவர்களுடையது. ஏறத்தாழ முப்பது வயதில்தான் அவர்கள் ஃபிக்ஹு கலையைக் கற்கப் புகுந்தார்கள். ஹிஜ்ரி 417இல் (கி.பி. 1026) மறைந்தபோது குராசான் பகுதி ஷாஃபிஈ அறிஞர்களின் தலைவராய்த் திகழ்ந்தார்கள். தம் தொழிலில் முதல்வராய் இருந்தவர், இளம் வயது முதல் ஓதி வந்தோருக்கிடையே புது மாணவராய் அமர்வதற்கு எத்துணை மனத்திட்பம் வேண்டும்!

தலைமைப் பொறுப்பு வந்து சேருமுன் அறிவைத் தேடிக் கொள்ளுமாறு உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தினார்கள். பதவி வந்தபின் பிறர்முன் மாணவராய் அமர மனம் கூசும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இதனை எடுத்துரைத்த இமாம் புகாரீ (ரஹ்) அவர்களோ, தலைமை வந்த பின்னும் கற்க வேண்டும் எனச் சேர்த்து, நபித்தோழர்கள் முதிய வயதிலும் கற்றதை நினைவூட்டினார்கள். ஆகவே கல்விக்குத் தடை வயதன்று. வயதோடு சேர்ந்து வளரும் கௌரவமே.

நம் நாட்டு அச்சகங்களில் இதனைக் கண்டோம். எழுத்துப் பெட்டியின் எந்த அறையில் எந்த எழுத்து என்பதைக் கண் பாராமலே அறிந்த கைகள் அச்சுக்கோப்பாளர்களுடையவை. 1980களிலும் 1990களிலும் கணினி உள்ளே வந்தபோது, சிலர் தொழிலை விட்டனர். சிலர் விசைப்பலகையின் முன் அமர்ந்தனர். அமர்ந்தவர்க்கு எழுத்துப் பிழை காணும் கண்ணும், பக்கம் அமைக்கும் நுட்பமும் கைம்முதலாய் நின்றன. விரல்களுக்கே பயிற்சி தேவைப்பட்டது. ஆயினும் தொடக்க நாட்களில், நேற்று வந்த இளைஞனைவிட மெதுவாய் வேலை செய்யும் சிறுமையை அவர்கள் பொறுத்தாக வேண்டியிருந்தது. அந்தப் பொறுமைதான் அவர்கள் செலுத்திய கட்டணம்.

கற்றதைக் காப்பது அடுத்த பணி. குர்ஆனை மனனம் செய்தவரைக் கட்டப்பட்ட ஒட்டகத்தின் உரிமையாளருக்கு ஒப்பிட்டார்கள் நபிகள் நாயகம் (ஸல்). கவனித்து வந்தால் நிற்கும், விட்டுவிட்டால் ஓடிவிடும். 1885இல் ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ் தம்மையே சோதித்து வெளியிட்ட ஆய்வும், கற்றவற்றுள் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலேயே நழுவுவதையும், இடைவெளிவிட்டு மீளப் பயில்வது நினைவை நிலைநிறுத்துவதையும் காட்டிற்று. ஸஹாபாக்கள் பத்து ஆயத்துகளைக் கற்று, அவற்றின்படி செயலாற்றப் பழகிய பின்னரே அடுத்த பத்துக்குச் சென்றனர் என்பதும் நாம் அறிந்ததே. ஒரே நாளில் பத்து வேலைகளைக் காட்டிவிட்டு, மறுநாள் “நேற்றே சொன்னேனே!” எனச் சீறும் முதலாளிகள் இதனைச் சிந்திக்கட்டும்.

எனவே கடமை இருபுறமும் உண்டு. மூத்தவர் இளையவரிடம் கேட்க நாணலாகாது. கேட்கப்பட்ட இளையவர் இதழோரம் சிரிக்கலாகாது. அந்த ஒரு சிரிப்பு, ஒரு குடும்பத்தலைவரின் பிழைப்பையே பறித்துவிடக்கூடும். மூஸா (அலை) அவர்களே ஹிள்று (அலை) அவர்களிடம் கற்க நெடும்பயணம் புறப்பட்டார்கள் எனில், நம் கௌரவம் எம்மாத்திரம்? கற்கும் பணிவையும், கற்பிக்கும் கனிவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக, ஆமீன்.