பல்லும் குருதியும் சொல்லும் காலம்

கல்வராயன் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. அதில் எலும்பைத் தேடிப் பயனில்லை. அது உருவான நாளில் எலும்புள்ள உயிர் ஒன்றுகூட உலகில் இல்லை. கோமுகி ஆற்றோரம் அந்தப் பாறைமேல் கைவைத்து அமரும்போது என் வயது எனக்கு நினைவில் நிற்பதில்லை.

பாலூட்டிகளின் பழங்கதையை அறிய வேறு மண்ணுக்குப் போகவேண்டும். தெலங்கானாவில் நாஸ்கல் என்றொரு ஊர். எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவே அகப்பட்ட படிவில் கிடைத்த நுண்ணிய பற்களை ஜி.வி.ஆர். பிரசாத்தும் அசோக் சாஹ்னியும் 1988இல் உலகுக்கு அறிவித்தார்கள். அந்தப் பற்களுக்குரிய பாலூட்டிக்கு டெக்கனோலெஸ்டஸ் என்று பெயர். டைனோசர்களின் கடைசிக் காலத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்த சிற்றுயிர். பின்னர் கிடைத்த கணுக்கால் எலும்புகள், அது மரமேறி வாழ்ந்ததைக் காட்டின.

ஒரு பல், ‘அன்று நான் இருந்தேன்’ என்று மட்டுமே சொல்லும். தன் குலம் எப்போது தொடங்கியது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சொல்ல முயல்வது மூலக்கூறு கடிகாரம். 1962இல் ஆய்வாளர்கள் சுக்கர்கண்டலும் லைனஸ் பாலிங்கும் பல உயிர்களின் குருதியிலுள்ள ஹீமோகுளோபினை ஒப்பிட்டார்கள். பிரிந்து நெடுங்காலமான உயிர்களிடையே வேறுபாடும் மிகுதி. ஆனால் வேறுபாட்டை ஆண்டாக மாற்ற, வயது தெரிந்த எலும்பு ஒன்று வேண்டும். குருதிக்கும் கல்லின் துணை தேவைப்படுகிறது.

கருவைச் சூல்கொடியால் வளர்க்கும் பாலூட்டிகளுக்கெல்லாம் பொதுவான முன்னோர் சுமார் 10 கோடி ஆண்டுக்கு முன் இருந்ததாக மூலக்கூறு கணக்குகள் பல சொல்கின்றன. அந்தக் குலத்தைச் சேர்ந்தவை என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க புதைபடிவங்களோ டைனோசர்கள் மறைந்த பிறகே கிடைக்கின்றன. இடையே மூன்று கோடி ஆண்டுக்கு மேல் மௌனம். தம் கணக்கை மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டு அந்த மௌனத்தின் முன் பொறுமையாக உட்கார்ந்திருக்கும் ஆய்வாளர்களைத் தவசிகள் என்றே நான் நினைக்கிறேன்.

கோமுகி ஓடும் பழைய தென்னார்க்காட்டு மண்ணில்தான் வள்ளலார் ஆன்மநேய ஒருமைப்பாட்டைச் சொன்னார். அவர் சொல்லுக்கு ஆய்வுச் சான்று தேவையில்லை. ஆனாலும் யானைக்கும் எலிக்கும் எனக்கும் ஒரே தாய் இருந்தாள், அந்த உறவு என் குருதியிலேயே பதிந்திருக்கிறது என்று அறியும்போது, அவர் சொன்ன கருணை எனக்கு இன்னும் நெருக்கமாகிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் மூங்கில் அணத்தான் என்ற சிறு பிராணி உண்டு. அணில்போல இருக்கும், ஆனால் அணிலைவிடக் குரங்குக்கும் நமக்கும் கிட்டிய சொந்தம் என்று மரபணு ஆய்வுகள் பல கருதுகின்றன. அந்தச் சொந்தத்தின் வீடு அது. மலைக்குப் போகிறவர்கள் காட்டில் தீ மூட்டாதீர்கள். வளைவுகளில் வண்டியை மெல்ல ஓட்டுங்கள்.