அலையும் ஆளும்

செம்மநத்தத்தில் எண்பதைக் கடந்த காப்பித் தோட்டத் தொழிலாளி ஒருவரிடம் 1967 தேர்தலைப் பற்றிக் கேட்டோம். “அப்ப அலை அடிச்சது சாமி, நாங்க என்ன செய்ய?” என்றார். வரலாற்றாசிரியர் பலர் சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் தொக்வில் 1840இலேயே இதைக் கண்டார். பிரபுக்கள் ஆண்ட காலத்து வரலாற்றாசிரியர்கள் எல்லாவற்றுக்கும் ஒருசில மனிதரின் விருப்பத்தையே காரணமாக்கினர். மக்களாட்சிக் காலத்தவரோ தனிமனிதரை மறந்து பொதுக் காரணங்களையே தேடுகின்றனர். எல்லாரும் சமமாக நிற்குமிடத்தில் எவர் செயலும் தனித்துத் தெரிவதில்லை. ஆனால் இப்பழக்கம் முற்றினால், தன் விதியை மாற்ற இயலாதவன் மனிதன் என்னும் எண்ணம் வேரூன்றிவிடும் என்று அவர் எச்சரித்தார்.

1967இல் பொதுக் காரணங்கள் இருந்தன. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு, விலையேற்றம், நீண்ட ஆட்சியின் மீது சலிப்பு: இவற்றை மறுப்பார் யார்? ஆயினும் கணக்கைப் பார்ப்போம். 1962இல் நூற்றுக்கு ஏறத்தாழ 46ஆக இருந்த காங்கிரசின் வாக்கு, 1967இல் 41ஆகத்தான் குறைந்தது. இடங்களோ 139இலிருந்து 51ஆகச் சரிந்தன. எதிர்வாக்குகள் சிதறாதபடி, இராஜாஜி முதல் மார்க்சிய கம்யூனிஸ்டுகள் வரை அண்ணா ஒன்றுசேர்த்திருந்தார். அது பஞ்சம்போல் தானாக வந்ததன்று; மனிதர் பழம்பகையை ஒதுக்கி எடுத்த முடிவு. விருதுநகரில் காமராசர் 1,285 வாக்குகளில் தோற்றார். 643 பேர் மனம் மாறியிருந்தால் முடிவே மாறியிருக்கும்.

எனவே தலைவர் ஒருவரே எல்லாம் செய்தார் எனலாமா? அதுவும் பிழையே. ‘அலை செய்தது’ என்பதும் ‘அவர் செய்தார்’ என்பதும் ஈற்றில் ஒன்றையே சொல்கின்றன: ‘நான் செய்யவில்லை.’ பொதுக் காரணங்கள் நம்மை நெருக்கும், நமக்காக முடிவெடுப்பதில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு வருபவர் எவரும் அலையின்மேல் பழி போடுவதில்லை. தேர்தல் நாளில் மட்டும், ‘எல்லாரும் பணம் வாங்குகிறார்கள், நான் ஒருவன் மறுத்து என்ன ஆகும்?’ என்கிறோம். அந்த ‘எல்லாரும்’ இப்படிச் சொல்லும் ஒவ்வொருவராலும் ஆனதே அன்றோ?

விடைபெறும்போது அப்பெரியவர் எதையோ நினைத்துச் சிரித்தார். “ஆனா சாமி, அன்னிக்கு மேஸ்திரி சொன்ன சின்னத்துல நான் குத்தல” என்றார்.

எந்த வரலாற்று நூலும் அதைப் பதிவு செய்யாது. ஆயினும் அலை என்று அவர் சொன்னது, அவரைப் போன்றோரின் அத்தகைய முடிவுகள் திரண்டதே.