ஞாபகத்தின் ஆழம்

டிஜிடல் ஆஸிலோஸ்கோப்புகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ‘மெமரி டெப்த்’ என்று ஒரு அளவைச் சொல்வார்கள். ஞாபக ஆழம். உண்மையில் அது ஆழமல்ல, எண்ணிக்கை. கருவி ஒரு மின் அலையைத் தொடர்ச்சியாகப் பார்ப்பதில்லை. சம இடைவெளிகளில் அதன் உயரத்தைத் தொட்டுத் தொட்டு எண்ணாகக் குறித்துக்கொள்கிறது. அப்படி எத்தனை எண்களை வைத்துக்கொள்ள இடமிருக்கிறதோ அதுதான் மெமரி டெப்த். டெக்ட்ரானிக்ஸ் கம்பெனி இதையே ‘ரெகார்ட் லெங்த்’, பதிவின் நீளம், என்கிறது. அது யோக்யமான பெயர். ஆழம் என்ற சொல் வேறொரு ஆசையைக் கிளப்பிவிடுகிறது: உள்ளே போகப் போக இன்னும் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும் என்ற ஆசை. எனக்கு இந்த ஆசையின் மீதுதான் சந்தேகம்.

இன்வெர்ட்டர், யூ.பி.எஸ். பழுது பார்க்கும் ஒரு நண்பரின் பட்டறையில் இந்தக் கருவியோடு சில மாலைகளைக் கழித்திருக்கிறேன். கணக்கு எளிமையானது. இருக்கிற இடத்தை நீண்ட நேரத்துக்குப் பரப்பினால் புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். குறுகிய நேரத்துக்குச் சுருக்கினால் நெருங்கும். 1990களின் பிற்பகுதியில் வந்த டெக்ட்ரானிக்ஸ் டி.டி.எஸ். 210-ல் ஒரு சானலுக்கு 2,500 புள்ளிகள். ஒரு முழு விநாடியைப் பிடித்தால் புள்ளிக்குப் புள்ளி 400 மைக்ரோ விநாடி. நம் வீட்டு மின்சாரம் ஒரு சுற்றுச் சுற்ற 20 மில்லி விநாடி. அதற்கு ஐம்பது புள்ளிகள் கிடைக்கின்றன, அலை அலையாகவே தெரிகிறது. ஆனால் ஒரு ரிலே திறக்கும்போது ஒரு மைக்ரோ விநாடி துள்ளி அடங்கும் பொறி? அது பெரும்பாலும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நடந்து முடிந்துவிடும். 2014-ல் வந்த ரிகோல் டி.எஸ். 1054 இசட்-ல் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். 1.2 விநாடியைப் பிடித்தாலும் இடைவெளி 100 நானோ விநாடிதான். அதே பொறியின் மேல் பத்துப் புள்ளிகளாவது விழும். (நான்கு சானல்களையும் திறந்துவிட்டால் ஆளுக்கு 30 லட்சம்தான். நான்கு சாட்சிகளை ஒரே சமயத்தில் கேட்கிறவனுக்கு ஒவ்வொருவரும் கால்பங்கு.)

பிடித்த அலையை நிறுத்திவிட்டு, குமிழைத் திருகித் திருகிப் பெரிதாக்கலாம். நான் கவனித்தது இங்கேதான். கோடிப் புள்ளிகளை 800 புள்ளி அகலமுள்ள திரையில் ஒரேயடியாகக் காட்ட முடியாது. கருவி நெருக்கி, மடித்துக் காட்டுகிறது. குமிழைத் திருகும்போது மடிப்பு விரிகிறது. முதலில் தெரியாதிருந்த பொறி தெரிகிறது. அது அங்கே இருந்தது, இப்போது பார்க்கிறோம். இதுவரை எல்லாம் நேர்மை. மேலும் திருகுகிறோம். ஒரு கட்டத்தில் புள்ளிகள் தீர்ந்துபோகின்றன. திரையில் பத்துப் பதினைந்து புள்ளிகள்தான் மிச்சம். ஆனால் திரை காலியாவதில்லை. கருவி புள்ளிகளுக்கு நடுவே வழவழப்பான ஒரு வளைகோட்டை வரைந்து கொடுக்கிறது. குமிழ் அதேதான், விரல் அசைவு அதேதான், கோட்டின் நிறமும் அதேதான். காண்பது முடிந்து கற்பிப்பது எங்கே தொடங்கியது என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த வளைகோடு பொய்யா என்று கேட்டால், இல்லை என்பதற்கும் கணிதம் இருக்கிறது. ஷானன் 1949-ல் எழுதிய கட்டுரையில் நிறுவியது (ரஷ்யாவில் கொதெல்னிக்கோவ் 1933-லேயே சொல்லிவிட்டார்): ஓர் அலையில் உள்ள அதிவேக அசைவு சாம்பிள் வேகத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால், புள்ளிகளிலிருந்து முழு அலையையும் பிசகில்லாமல் மீட்டுவிடலாம். இடைப்பட்டது ஊகமல்ல, அது வேறு விதமாக இருந்திருக்கவே முடியாது. ஆனால் நிபந்தனை முன்கூட்டியே நிறைவேறியிருக்க வேண்டும். எதைப் பிடிக்கிறோமோ அதற்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லையைத் தாண்டி அது திடுக்கிடாது என்ற உத்தரவாதம் வேண்டும். உத்தரவாதம் இல்லாவிட்டால் அதே புள்ளிகள் வழியே எத்தனையோ கோடுகள் போகலாம். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும்.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு இதை எழுதும்போது தாழம்பூ நினைவுக்கு வராமல் இருக்காது. தீத்தம்பத்தின் முடியைத் தேடி அன்னமாகப் பறந்த பிரம்மா கொஞ்ச தூரம் உண்மையாகவே பறந்தார். பறந்த தூரத்தை வைத்துக்கொண்டு, பறக்காத தூரத்தைச் சொன்னார். பூ சாட்சி சொல்லிற்று. எல்லையுள்ள பொருளாக இருந்திருந்தால் அந்தக் கணிப்பு சரியாகக்கூட இருந்திருக்கலாம். எல்லையற்றதில் அதைச் செய்ததால் பொய்யாயிற்று. பன்றியாகத் தோண்டிப்போன விஷ்ணு, காணவில்லை என்று திரும்பி வந்தார். புராணம் இரண்டு பேரையும் கிட்டத்தட்ட ஒரே தூரத்துக்குத்தான் அனுப்புகிறது.

நான் வேலை செய்யும் வங்கியின் கணக்கில் இந்தப் பிரச்னையே கிடையாது. இரண்டு பதிவுகளுக்கு நடுவே இருப்பு மாறுவதில்லை. பதிவாகாதது நடக்கவில்லை என்பதுதான் அங்கே ஒப்பந்தம். மனித ஞாபகத்தை இப்படி ஒரு லெட்ஜராக நினைக்கிறவர்கள் இலக்கியத்தில் அதிகமாகிவருகிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானத்தை எழுதுகிறவர் கிணற்றடியில் கிடந்த சொம்பின் நசுங்கலைக்கூட விடுவதில்லை. அம்மா சொன்ன வாக்கியம் அரைப்புள்ளியோடு வருகிறது. நுணுக்கம்தான் உண்மை என்று நம் விமர்சனமும் தலையாட்டுகிறது. பார்ட்லெட் 1932-ல் வெளியிட்ட ஞாபகம் பற்றிய நூல், கேட்ட கதையைத் திரும்பச் சொல்கிறவர்கள் விடுபட்டதைத் தங்களுக்குப் பழகிய தினுசில் நிரப்பிக்கொள்வதைக் காட்டியது. நிரப்புவதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. அன்றாடத்தை, பழக்கத்தை, அம்மா தினமும் எப்படிப் பேசுவாள் என்பதை நிரப்பலாம். அங்கே எல்லை தெரியும். ஆனால் நாம் எழுத விரும்புவது எப்போதுமே பழக்கம் முறிந்த அந்த ஒரு நாளைத்தான். கணிதம் உத்தரவாதம் தர மறுப்பதும் அதற்குத்தான்.

இதற்கு இந்த ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1896 ஜூலையில், மதுரையில் ஒரு மாடியறையில், பதினாறு வயது வேங்கடராமனைச் சாவு பயம் பிடித்தது. அடுத்த ஆறேழு வாரத்தில் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பி, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்துசேர்ந்தார். அந்த அனுபவத்தைப் பற்றி உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படும் விவரிப்பு, பி.வி. நரசிம்ம சுவாமி 1931-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வரலாற்றில் இருக்கிறது. தன்மையில், ‘நான், நான்’ என்று போகும் விவரிப்பு. அதன் ஒவ்வொரு ‘நானை’யும் பெரிதாக்கி, அகந்தை எது ஆன்மா எது என்று தத்துவ விசாரம் செய்தவர்கள் உண்டு. ஆனால் நரசிம்ம சுவாமி, துறவுக்கு முன் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், சாட்சியத்தின் இலக்கணம் தெரிந்தவர், முதல் பதிப்பிலேயே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். சரியான வார்த்தைகள் பதிவு செய்யப்படவில்லை; சுவாமி பெரும்பாலும் நான், நீ என்ற சுட்டே இல்லாமல்தான் பேசுவார், தமிழ் அதற்கு இடம் கொடுக்கிறது; அப்படியே கொடுத்தால் வாசகர்களுக்கு, முக்கியமாக மேல்நாட்டாருக்கு, மங்கலாக இருக்கும் என்பதால் வழக்கமான தன்மை நடையைக் கையாண்டேன். இதுதான் குறிப்பின் சாரம். பின்வந்த பதிப்புகளில் அது விடுபட்டுப்போயிற்று.

ஆக, நடந்ததற்கும் எழுதியதற்கும் நடுவே 35 வருஷம். புள்ளிகள் சில. அவற்றின் நடுவே ஓடும் கோடு ஆங்கில வாக்கியத்துக்குத் தேவைப்பட்ட எழுவாய். தமிழில் ‘பயம் வந்தது’, ‘தோன்றிற்று’, ‘தெரிந்தது’ என்று முடித்துவிடலாம்; யாருக்கு என்பது வாக்கியத்தில் நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை. அந்த அனுபவத்தின் மையமே ‘யாருக்கு’ என்ற கேள்வியாக இருக்கும்போது இது வெறும் நடைப் பிரச்னையாக இருக்க முடியாது. நரசிம்ம சுவாமி கோடு வரைந்ததை நான் ஆட்சேபிக்கவில்லை. அவர் வரையாமல் இருந்திருந்தால் நம் கையில் இவ்வளவுகூட இருந்திருக்காது. வரைந்தது நான்தான் என்று சொல்லியும் வைத்தார். அதை எடுத்துப்போட்டவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டார்கள். பக்தனுக்கு அடிக்குறிப்பு இடைஞ்சல், அச்சாபீஸுக்கும்தான்.

கருவியில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. டிஸ்ப்ளே மெனுவில் ‘வெக்டார்ஸ்’, ‘டாட்ஸ்’ என்று இரண்டு. டாட்ஸைத் தேர்ந்தால் கோடு மறைந்து, கருவி நிஜமாகத் தொட்ட இடங்கள் மட்டும் நிற்கும். பார்க்க அழகாயிராது. எழுத்தில் அப்படி ஒரு பொத்தான் கிடையாது. அடிக்குறிப்போ, ‘என்று நினைக்கிறேன்’ என்ற சலிப்பூட்டும் சொற்றொடரோதான் இருக்கிறது. அந்த 1931 விவரிப்பை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதன் குறிப்பையும் சேர்த்தே அச்சிடட்டும். எட்டுப் பாயிண்ட் எழுத்தில், பக்கத்தின் அடியில் என்றாலும் சரி.