கந்தன் என்னுந் திருநாமம்

கந்தன் என்னுந் திருநாமத்தைப் பிள்ளைகட்கு இடுகின்றோம். கந்தையா, கந்தசாமி, கந்தவனம் என நீட்டியும் வழங்குகின்றோம். அதன் பொருளை வினாவினாலோ, வாய்வாளாதிருப்பார் நம்முட் பலர்.

வடமொழியிலே ஸ்கந்த் என்னும் வினையடிக்குத் துள்ளுதல், பாய்தல், சிந்துதல் என்பன பொருள். சரவணப்பொய்கையில் ஆறுருவாய் விளங்கிய குழந்தையை உமாதேவியார் ஒருங்கெடுத்து அணைக்க, ஓருருவாயினமையாற் கந்தன் எனப் பெயரெய்திற்றென்பது கச்சியப்பசிவாசாரியர் கொண்ட பொருள். தமிழிலே கந்து என்பது தூண். கந்து நட்ட இடத்தும் முருகன் உறைவன் எனத் திருமுருகாற்றுப்படை கூறுதலின், பற்றுக்கோடானவன் என்று பொருள்கொள்வாரும் உளர். எது முந்தியதென்னும் வழக்கு ஒருபுறங் கிடக்க. அடியவனுக்கு மூன்றும் வேண்டும்.

இனி இந்நாமம் பிறநாடு சென்ற வழியைக் கேண்மின். குஷான வேந்தனாகிய ஹுவிஷ்கன் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அடித்த பொற்காசிலே ஸ்கந்தோ கொமாரோ, பிஸாகோ எனக் கிரேக்க எழுத்திற் பொறித்திருக்கின்றது. நாம் ஒருவர்க்கே உரியனவாகக் கொள்ளும் குமாரன், விசாகன் என்னும் பெயர்கள் ஆங்கே இருவேறு திருவுருவங்கட்கு உரியனவாய் நிற்றல் நோக்கத்தக்கது. புத்தசமயத்தோடு சீனதேசம் புக்கபோது பெயர் தன் முதலெழுத்தை இழந்து, ஏடெழுதுவோர் பிழையினால் வெய்துவோ எனத் திரிந்ததென்று அறிஞர் கருதுவர். ஆண்டு அவர் கவசந்தரித்துப் படையேந்திப் பெருங்கோயிலை நோக்கி நின்று காப்பவர். யப்பானியர் அவரை இதாதென் என்பர். புத்தருடைய தாதுவைத் திருடியோடிய பேயைத் துரத்திப் பிடித்தவர் என்பது அவர் கதை. ஆதலின் விரைந்தோடுவானை அவரோடு ஒப்பிட்டுரைத்தல் அந்நாட்டு வழக்கு. சென் மடங்களிலே மடைப்பள்ளிக்கும் அவரே காவல். துள்ளுதல் என்னும் பொருளை அறியாதார் நாவிலும் அந்நாமம் ஓடிக்கொண்டிருத்தல் வியப்பன்றோ!

ஒலி ஒத்தல் கண்டு, இஸ்கந்தர் என்பதும் கந்தனே என்று மகிழ்வார் உளர். அது பொருந்தாது. என்னை? அலெக்ஸாந்தர் என்னும் கிரேக்கப் பெயரின் தொடக்கத்தைத் தம்மொழிச் சுட்டாகிய அல் என அராபியர் கொண்டு பிரித்தமையாற் பிறந்த பெயர் அஃது. சிங்களத்திலே கந்த எனின் மலை. குறிஞ்சிக்கிழவன் பெயரோடு அஃது ஒத்தல் இனிதே. ஆயினும் இனிமை சான்றாகாது. பொய்ச்சான்று தேடுதல் கந்தனுக்குச் செய்யுந் தொண்டன்று.

நம் ஈழநாட்டுக் கதிர்காமத்திலே தமிழர் கந்தா என்று கதறுவர். சிங்களர் கந்தகுமாரன் என்று கைகூப்புவர். உள்ளே கப்புறாளை வாயைச் சீலையாற் கட்டி, மந்திரமொன்றுஞ் சொல்லாது பூசிக்கின்றார். வெளியே முழங்கும் நாமம் திரைக்கப்பால் ஒலிப்பதில்லை.