நல்லரசர் என்னும் தீர்ப்பு: உரோமப் பேரரசர்களை முன்வைத்து

அரசர்களை நல்லவர் என்றும் கொடுங்கோலர் என்றும் பகுத்துரைப்பது வரலாற்று நூல்களின் நெடுங்கால மரபாகும். அத்தீர்ப்பை வழங்கியோர் யாவர், எவ்வளவுகோலால் வழங்கினர் என்பன அறவியல் நோக்கில் எண்ணத்தக்கன. உரோமப் பேரரசர்களுள் டொமிஷியன் (கி.பி. 81–96), டிராஜன் (கி.பி. 98–117) ஆகியோர் பற்றிய மதிப்பீடு இதற்குத் தக்க சான்றாகும்.

டொமிஷியன் சூழ்ச்சியால் கொல்லப்பட்டதும் அவன் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து அழிக்குமாறு செனட் அவை ஆணையிட்டது. டிராஜனுக்கோ அதே அவை 'மிகச் சிறந்தவன்' எனப் பொருள்படும் பட்டத்தை நல்கியது. கி.பி. 100இல் பிளினி அவ்வவையில் நிகழ்த்திய உரை டிராஜனைப் போற்றி டொமிஷியனைப் பழித்தது. டாசிட்டஸின் நூல்களும் டொமிஷியனைக் கொடியவனாகவே காட்டுகின்றன. இவ்விருவரும் செனட் உறுப்பினர்கள். டொமிஷியன் ஆட்சியிலேயே பதவி உயர்வு பெற்றவர்கள். உறுப்பினர்களைக் கொன்றவன் தீயோன், மதித்தவன் நல்லோன் என்பதே இவர்தம் அளவுகோல் எனலாம். அவர்கள் பட்ட அச்சமும் இழப்பும் பொய்யல்ல. ஆயினும் பல கோடி மக்கள் வாழ்ந்த பேரரசில் அவ்வவையினர் ஏறத்தாழ 600 பேரே ஆவர்.

டொமிஷியனின் கொடுமைகளை விரித்துரைக்கும் சூட்டோனியஸே, அவன் மாநில ஆளுநர்களைக் கட்டுப்படுத்தியதால் அவர்கள் வேறெக்காலத்தினும் நேர்மையாக நடந்தனர் என ஒப்புக்கொள்கிறார். பழிப்பவர் கூறும் புகழாதலின் இக்கூற்று வலிமையுடையது.

டிராஜன் இத்தாலியின் ஏழைச் சிறார்க்கு உதவித்தொகை கிடைக்கச் செய்தான். அவனே இரு போர்களால் டேசியாவை வென்று கி.பி. 106இல் உரோம மாநிலமாக்கினான். அவ்வெற்றிக்கென 123 நாள்கள் விழா நிகழ்ந்ததாகவும், அதில் 10,000 வாள்வீரர் பொருததாகவும் காசியஸ் டியோ குறிப்பிடுகிறார். உரோமில் நிற்கும் டிராஜனின் தூண் அப்போரைச் சிற்பமாக்கியுள்ளது. டேசியர் தாமே எழுதிய வரலாறு எதுவும் கிடைத்திலது.

எட்வர்டு கிப்பன் 1776இல் வெளியிட்ட நூலில், டொமிஷியனின் இறப்பு முதல் கொமோடஸ் அரியணை ஏறியது வரையிலான காலமே மனித இனம் மிக மகிழ்ந்திருந்த காலம் என்றார். செனட்டின் தீர்ப்பு பதினாறு நூற்றாண்டுகள் கடந்தும் நிலைத்தமையை இது புலப்படுத்துகிறது.

எனவே நல்லாட்சி, தீயாட்சி என்னும் பகுப்பே பொருளற்றது எனத் துணிதல் பொருந்தாது. அது டொமிஷியனால் கொலையுண்டோரையும் டேசியாவில் அடிமைப்பட்டோரையும் ஒருங்கே மறப்பதாக முடியும். 'யாருக்கு நல்லவன்?' என்னும் வினா தீர்ப்புக்குச் சாட்சிகளைப் பெருக்குகிறது. எழுத்தில் இடம்பெறாதோரின் நலனையும் கணக்கிற்கொண்டு, இன்னார்க்கு நன்மை, இன்னார்க்குக் கேடு எனத் தெளிவுற உரைப்பதே வரலாற்றாசிரியரின் அறக்கடமையாகும்.